ஓரங்கட்டப்பட்டதால் மிஞ்சிய நிலையம்

ராயபுரம் ரயில் நிலையத்துக்குப் பிறந்தநாள் இரண்டு. கட்டடத்தைக் கணக்கில் எடுத்தால் 1856 ஜூன் 28. சென்னை மாகாண ஆளுநர் ஹாரிஸ் பிரபு அதைத் திறந்துவைத்த நாள் அது. வண்டியைக் கணக்கில் எடுத்தால் ஜூலை 1. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்து வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது அன்றுதான். ஆண்டுதோறும் நினைவுகூர்கிறவர்கள் பெரும்பாலும் ஜூலை 1-ஐப் பிடித்துக்கொள்கிறார்கள். எனக்கென்னவோ ஜூன் 28 பக்கம்தான் சாய்வு. அன்று ஓடிய என்ஜினும் பெட்டிகளும் எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டன. தூண்கள் நின்றுகொண்டிருக்கின்றன. பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் பிறகு மூன்றாவதாக ரயில் கண்ட ஊரில் இருப்பதுதான், இந்தியாவில் இன்று எஞ்சியிருக்கும் ரயில் நிலையக் கட்டடங்களில் மிகப் பழையது. மூன்றாவதாகப் பிறந்தது எப்படி மூத்ததாகியது என்பதைச் சொல்வதற்கு முன், அது ஏன் மூன்றாவதாகப் பிறந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

ஏனென்றால் யோசனையில் சென்னைதான் முந்தியது. இந்தியாவில் இருப்புப்பாதை போடலாம் என்ற பேச்சு 1832-லேயே இங்கே எழுந்துவிட்டது. இங்கிலாந்திலேயே லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கி இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த நேரம். 1837-இல் செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டை வரை ஒரு பாதை போட்டு ஓட்டியும் பார்த்தார்கள். நகரத்துச் சாலைகளுக்குப் பரப்பும் கல்லைக் கொண்டுவருவதற்கான பாதை அது. அணைக்கட்டுகளோடு சேர்த்து நாம் பெயர் சொல்லும் ஆர்தர் காட்டனுக்கு அதிலும் பங்கு உண்டு. மனிதர்களுக்கான வண்டியாக அது இல்லாததால் வரலாற்றில் அதற்கு முதல் வரிசை கிடைக்கவில்லை. கல் சுமந்தவனுக்கு யார் மாலை போடுகிறார்கள்!

1845-இல் மெட்ராஸ் ரயில்வே கம்பெனி என்று ஒன்று லண்டனில் தொடங்கப்பட்டது, சீக்கிரமே கலைந்தும் போனது. காரணம் பணம்தான். கடல் தாண்டி, தெரியாத நாட்டில், எவ்வளவு ஆள் ஏறுவார்கள் என்று யாருக்கும் தெரியாத வண்டியில் பணம் போட லண்டன் முதலீட்டாளர்கள் துணியவில்லை. லாபம் வந்தாலும் வராவிட்டாலும் போட்ட முதலுக்கு வட்டி நிச்சயம் என்று கிழக்கிந்தியக் கம்பெனி வாக்குக் கொடுத்தால்தான் பை திறக்கும் என்றார்கள். கம்பெனி கடைசியில் இணங்கியது. ஏறத்தாழ 5 விழுக்காடு வட்டிக்கு உத்தரவாதம், நிலமும் இலவசம். இந்த ஒப்பந்தம் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் 1849-இல் கிடைத்தது. சென்னைக்கு 1852-இல்தான். பின்தங்கியது அந்த மூன்று ஆண்டுகளில்தான். பம்பாய் – தானே வண்டி 1853 ஏப்ரல் 16-இலும், ஹவுரா – ஹூக்ளி வண்டி 1854 ஆகஸ்ட் 15-இலும் ஓடிவிட்டன. உத்தரவாத வட்டி எங்கிருந்து வந்தது என்று கேட்டால், வரி கட்டிய இந்தியக் குடியானவனிடமிருந்துதான். வருமானம் குறைந்தால் துண்டு விழுவது அவன் கணக்கில், லாபம் வந்தால் பங்குதாரர் கணக்கில். ரயிலை வெள்ளைக்காரன் கொடுத்தான் என்று யாராவது பெருமை பேசும்போது இந்த ஏற்பாட்டையும் சேர்த்துச் சொல்வது நல்லது.

1853 ஜூன் 9-இல் ராயபுரத்தில் வேலை தொடங்கியது. ஏன் ராயபுரம் என்பதற்கு அன்றைய நகரத்தை மனதில் வரைந்துகொள்ள வேண்டும். தெற்கே புனித ஜார்ஜ் கோட்டை. அதை ஒட்டி வடக்கே, பிற்பாடு ஜார்ஜ் டவுன் என்று பெயர் மாறிய பிளாக் டவுன். மாகாணத்தின் பெரிய வியாபாரமெல்லாம் அங்கேதான். துணி வணிகர், தரகர், ஏற்றுமதிக் கம்பெனிகள், பண்டகசாலைகள் எல்லாம் அந்தத் தெருக்களில் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. அதன் வடக்கு மதிலுக்கு வெளியே கடலோரமாகத் திறந்து கிடந்த இடம் ராயபுரம். கோட்டைக்குத் தொலைவில்லை, சந்தைக்குப் பக்கம், கப்பல் சரக்கு இறங்கும் கரைக்கு மிகப் பக்கம். மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் அந்தக் கணக்கில் வரவே இல்லை. நகரம் தெற்கே வளரும் என்று 1853-இல் யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

கப்பல் கரை என்றேனே தவிர, துறைமுகம் என்று சொல்லவில்லை. அப்போது சென்னைக்குத் துறைமுகமே கிடையாது. துறைமுக வேலை தொடங்கியதே 1870-களின் நடுவில்தான், அதையும் 1881 புயல் அடித்து நொறுக்கியது. அதற்கு முன்பெல்லாம் கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி, திறந்த கடலில் நங்கூரம் போட்டு ஆடிக்கொண்டு நிற்கும். ஆளானாலும் சரக்கானாலும் மசூலா படகில் மாற்றி, மோதி உடையும் அலைகளைத் தாண்டிக் கரை சேர்க்க வேண்டும். ஆணி இல்லாமல் பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்த படகு அது. அலை அறைந்தால் வளைந்து கொடுக்கும், பிளக்காது. இங்கிலாந்தில் வார்த்த இரும்பெல்லாம் கப்பலேறி வந்து நின்ற இடம் இந்தக் கடல்தான். கடைசி அரை மைலைக் கடக்க, நீராவி யுகத்தின் இரும்பு இந்தக் கரைப் படகோட்டிகளின் கையை எதிர்பார்த்து நின்றது. அலையைப் பார்த்துத் துடுப்பு போடத் தெரிந்தவர் இல்லையென்றால் தண்டவாளம் மணலைத் தொட்டிருக்காது. பெயர் தெரியாத அந்தப் படகுக்காரர்களில் பலர் ராயபுரத்தையும் அதன் அக்கம்பக்கக் குப்பங்களையும் சேர்ந்தவர்களாகவே இருந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

தலைமைப் பொறியாளராக வந்தவர் ஜார்ஜ் பார்க்ளே புரூஸ். இங்கிலாந்து எல்லையில் ட்வீட் ஆற்றின் மேல் ராபர்ட் ஸ்டீபன்சன் கட்டிய பெரிய பாலத்தில் வேலை பார்த்தவர், கல்கத்தாப் பக்கத்து ரயில் வேலையையும் பார்த்துவிட்டு 1853-இல் சென்னைக்கு வந்தார். அவர் எடுத்த ஒரு முடிவு கவனிக்கத்தக்கது. பெரிய ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் மொத்தமாக விட்டுவிட்டு அவர் ஆள் பிடித்து வேலை வாங்குவார் என்று இருக்காமல், உள்ளூர்க் கூலியாட்களை நேராகச் சேர்த்து, நேராகக் கூலி கொடுத்து, மேற்பார்வை செய்து வேலை நடத்தினார். இடைத்தரகர் இல்லாத கூலி என்பது அந்தக் காலத்தில் சாதாரண விஷயமில்லை.

வந்த இடத்தில் கற்றுக்கொள்ளவும் அவர் தயங்கவில்லை. தென்னாட்டு ஆறுகள் ஆண்டில் பாதி நாள் வெறும் மணல், மீதி நாள் வெள்ளம். மணலில் பாலத்துக்கு அடித்தளம் போடுவது எப்படி? இங்கே அதற்குப் பழைய கைவேலை ஒன்று இருந்தது. மணலின் மேல் ஒரு வளையத்தை வைத்து, அதன்மேல் செங்கல்லால் கிணற்றுச் சுவர் எழுப்புவார்கள். உள்ளே இறங்கும் ஆட்கள் மணலை அள்ள அள்ள, சுவர் தன் கனத்தாலேயே கீழே இறங்கும். தண்ணீர் வந்தால் மூழ்கி அள்ளுவார்கள். இறங்க இறங்க மேலே சுவர் கட்டிக்கொண்டே போவார்கள். போதிய ஆழம் போனதும் உள்ளே கல்லும் காரையும் போட்டு நிரப்பினால் அதுவே தூணுக்கு அடித்தளம். நம் ஊரில் உறைகிணறு இறக்குவதைப் பார்த்தவர்களுக்கு இதில் புதிதாக விளக்க ஒன்றுமில்லை. வாலாஜா ரோட்டைத் தாண்டிப் பொன்னை ஆற்றின் குறுக்கே இந்த முறையில்தான் ரயில் பாலம் எழுந்தது. உடம்புக்கு முடியாமல் 1856-இல் ஊர் திரும்பிய புரூஸ், லண்டனில் சிவில் பொறியாளர் கழகத்தில் இதைப் பற்றியே ஒரு கட்டுரை வாசித்தார். பிற்காலத்தில் அந்தக் கழகத்துக்குத் தலைவராகவும் ஆனார். மூழ்கி மணல் அள்ளியவர்களுக்கு என்ன ஆயிற்று என்று எந்தக் கழகத்திலும் கட்டுரை வாசிக்கப்படவில்லை.

ராயபுரத்துக் கட்டடத்துக்கு வருவோம். பிற்காலத்து சென்ட்ரல், எழும்பூர் போலச் செங்கல் சிவப்பும் கோபுரமும் குவிமாடமுமாக அதை யாரும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். இந்தோ சாரசெனிக் பாணி சென்னையில் இன்னும் பரவாத காலம் அது. கம்பெனி ஆட்சியின் கட்டடங்களுக்கெல்லாம் இருந்த ரசனையே இதற்கும். கிரேக்கக் கோயில் மாதிரி உயர்ந்த தூண்களை வரிசையாக நிறுத்து, அகலமான தாழ்வாரம் விடு, உள்ளே உயரமான கூடங்கள் வை. ஆளுநர் மாளிகை, நீதிமன்றம், தேவாலயம், ரயில் நிலையம் எல்லாவற்றுக்கும் ஒரே சட்டை. ரயில் நிலையம் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று இந்த நாட்டில் ஒரு மாதிரியே உருவாகாத நேரத்தில் கட்டியது என்பதால், அதில் ரயிலைவிட அதிகாரமே முன்னால் தெரிகிறது. எனக்கு அது குறையாகப் படவில்லை. அந்த நாளின் மனசை அப்படியே காட்டிவிடுகிறது.

ஜூலை 1 அன்று ஓடிய வண்டியின் பெட்டிகளைச் செய்தது மவுண்ட் ரோடு சிம்ப்சன் கம்பெனி. குதிரை வண்டிகளும் கோச்சுகளும் செய்து பெயர் வாங்கியவர்கள். முதல் வண்டியில் ஹாரிஸ் பிரபுவும் ஏறத்தாழ 300 ஐரோப்பியர்களும் போனார்கள். அன்றே இரண்டாவதாக ஒரு வண்டி திருவள்ளூர் வரை போய் வந்தது. ராயபுரத்தில் விருந்தும் நடந்தது. லண்டன் படப் பத்திரிகை ஒன்று செப்டம்பரில் இந்தச் செய்தியைப் போட்டது. கப்பல் தபால் போய்ச் சேர அவ்வளவு நாள்.

அந்த முதல் வண்டியில் ஹாரிஸ் உட்கார்ந்து போனதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அவருடைய தாத்தா ஜெனரல் ஜார்ஜ் ஹாரிஸ். 1799-இல் திப்பு சுல்தான் மேல் படையெடுத்துப் போய் ஸ்ரீரங்கப்பட்டணத்தைப் பிடித்த சேனைக்குத் தளபதி. அந்தப் படை கிளம்பியது வேலூரிலிருந்து. பீரங்கி, குண்டு, அரிசி, கூடாரம் எல்லாவற்றையும் இழுக்கக் கணக்கில்லாத மாடுகள். மாடு நடக்கிற வேகம்தான் படையின் வேகம், மாடு தின்கிற தீனி கிடைக்கிற வழிதான் படையின் வழி. ஒரு நாளில் சில மைல் தாண்டினால் பெரிது. ஐம்பத்தேழு ஆண்டுக்குப் பிறகு பேரன் அதே மேற்குத் திசையில், அதே ஆற்காட்டுச் சீமைக்குள், ஏறத்தாழ 100 கிலோமீட்டரைச் சில மணி நேரத்தில் கடந்துவிட்டார். படையை வேகமாக நகர்த்துவது இந்தியாவில் ரயில் போடுவதற்கான தலையாய காரணங்களில் ஒன்று என்று கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி 1853-இல் எழுதிவைத்த குறிப்பில் ஒளிவுமறைவே இல்லை. பருத்தி அதற்கடுத்த காரணம். பயணிகளைப் பற்றிய கவலை கடைசியில்தான். மூன்றாம் வகுப்பில் முண்டியடித்துக்கொண்டு ஏறிய சாதாரண சனங்கள்தான் பிற்பாடு இந்த நாட்டு ரயில்களின் பயணிகள் வருமானத்தைத் தாங்கினார்கள் என்பது திட்டம் போட்டவர்கள் எதிர்பாராதது.

சரி, முதல் வண்டி ஏன் வாலாஜா ரோட்டில் போய் நின்றது? ஆற்காட்டு நவாப் பெயரில் அமைந்த வாலாஜாப்பேட்டை அன்று பெரிய வியாபார ஊர். கடற்கரைச் சரக்கும் மலைக்கு மேலேயுள்ள மைசூர்ப் பக்கத்துச் சரக்கும் கைமாறும் இடம். நெசவுக்கும் பெயர் பெற்றது. சென்னை மாகாணத்திலேயே முதல் நகராட்சி ஆனதும் அந்த ஊர்தான், 1866-இல். ரயில் நிலையம் ஊரை விட்டுச் சற்றுத் தள்ளி அமைந்தது. பாதை அங்கேயே நின்றிருந்தால் ஊருக்கு யோகம்தான். ஆனால் கம்பெனியின் கண் மேற்குக் கடலில் இருந்தது. பாதை வேலூர்ப் பக்கம், ஜோலார்ப்பேட்டை, சேலம், பாலக்காட்டுக் கணவாய் என்று நீண்டு 1862-இல் கோழிக்கோட்டுக்கு அருகே பேப்பூரில் அரபிக் கடலைத் தொட்டது. 1864-இல் ஜோலார்ப்பேட்டையிலிருந்து பெங்களூருக்குக் கிளை போனது. அதன்பின் மைசூர்ச் சரக்கு எதற்காக வாலாஜாப்பேட்டையில் இறங்க வேண்டும்? நேராக வண்டியிலேயே கடந்து போனது. ரயிலால் வாழ வேண்டிய ஊர், ரயிலால் இளைத்தது.

இதே விதி மறுமுனையில் ராயபுரத்துக்கும் காத்திருந்தது, வேறு வழியில். 1871-இல் அரக்கோணத்திலிருந்து வடமேற்கே போன பாதை ராய்ச்சூரில் பம்பாய்ப் பாதையோடு இணைந்தது. இனி பம்பாய் வண்டியும், பெங்களூர் வண்டியும், மலபார் வண்டியும் வந்து சேரும் இடம் ஒன்றே. கடலுக்கும் பண்டகசாலைகளுக்கும் நடுவே நெருக்கமான மூலையில் இருந்த நிலையத்தால் எவ்வளவு தாங்க முடியும்? 1873-இல் பார்க் டவுனில் சென்ட்ரல் நிலையம் திறந்தார்கள். வரைபடம் ஜார்ஜ் ஹார்டிங். முதலில் அது ராயபுரத்துக்குத் துணைதான். 1907-இல் முறை மாறியது, சென்ட்ரல் தலைமை நிலையமானது. மறு ஆண்டு ஜூன் 11-இல் எழும்பூர் நிலையம் திறந்து, தெற்கே போகும் மீட்டர்கேஜ் வண்டிகளை எடுத்துக்கொண்டது. மெட்ராஸ் ரயில்வேயை விழுங்கிப் பிறந்த எம்.எஸ்.எம். (மெட்ராஸ் அண்டு சதர்ன் மராட்டா) ரயில்வேயின் தலைமை அலுவலகம் மட்டும் இன்னும் கொஞ்ச காலம் ராயபுரத்தில் இருந்தது. 1922-இல் சென்ட்ரலுக்குப் பக்கத்தில் இப்போதும் தெற்கு ரயில்வே தலைமையகமாக நிற்கும் பெரிய கட்டடம் எழுந்ததும் அதுவும் போய்விட்டது.

அப்புறம் ராயபுரம் சரக்கு வண்டி, ஷெட், துறைமுகப் பாதை என்று கைவேலை பார்க்கும் நிலையமாக ஒதுங்கியது. புறநகர் வண்டி நின்று போகும், அவ்வளவுதான். பக்கத்து எம்.சி. ரோட்டுத் துணிக்கடைக்கோ காசிமேட்டு மீன் ஏலத்துக்கோ போகிறவர்கள் அந்தத் தூண்களைப் பார்க்காமலே கடந்து போனார்கள்.

அந்தக் கட்டடம் தப்பியது இதனால்தான் என்று எனக்குப் படுகிறது. அதன் அண்ணன்மார் கதையைப் பாருங்கள். பம்பாயில் முதல் வண்டி கிளம்பிய போரி பந்தர் நிலையம் இன்று இல்லை. பக்கத்திலேயே ஸ்டீவன்ஸ் கட்டிய விக்டோரியா டெர்மினஸ் 1880-களில் எழுந்து அதன் இடத்தைப் பிடித்தது. தானேயின் பழைய நிலையமும் இல்லை. ஹவுராவின் முதல் நிலையம் இருந்த ஊரில் இப்போது நாம் பார்ப்பது 1905-இல் ஹால்சி ரிக்கார்டோ கட்டிய புதுக் கட்டடம். அந்த நிலையங்கள் எல்லாம் வெற்றி பெற்றவை. கூட்டம் பெருகியது, வண்டி பெருகியது, இடிக்காமல் விரிக்க முடியவில்லை. ராயபுரத்தை விரிக்க யாருக்கும் தேவை வரவில்லை. கூட்டத்தையெல்லாம் சென்ட்ரல் வாங்கிக்கொண்டதால் ராயபுரத்தின் தூண்கள் தப்பின. பாதுகாத்த பெருமையை ரயில்வேயோ அரசோ முழுசாக எடுத்துக்கொள்ள முடியாது. நூறாண்டுக்கு மேல் அதைப் பாதுகாத்தது அலட்சியம்தான். அலட்சியமும் எல்லை மீறினால் கூரையைத் தின்றுவிடும். அந்த நிலைக்குப் போய்க்கொண்டிருந்த கட்டடத்தை 2005-இல் புதுப்பித்தார்கள். மறு ஆண்டு 150 நிறைய இருந்தது நல்லதாகப் போயிற்று. விழா வருகிறது என்றால்தான் நம் வீட்டிலும் வெள்ளையடிப்போம்.

2031-இல் 175. அதற்கு முன்பே ராயபுரத்துக்கு வேறொரு சோதனை வரக்கூடும். சென்னையின் இன்னொரு பெரிய முனையமாக அதை ஆக்க வேண்டும் என்று வடசென்னைக்காரர்கள் நெடுங்காலமாகக் கேட்டுவருகிறார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது. திருவொற்றியூர்க்காரர் மதுரைக்கு வண்டி பிடிக்க, பெட்டியும் குழந்தையுமாக ஊரைக் குறுக்கே கடந்து எழும்பூருக்கோ தாம்பரத்துக்கோ போக வேண்டியிருக்கிறது. தென்னிந்திய ரயிலே தொடங்கிய பகுதியில் வாழ்கிறவர்களுக்கு இது நல்ல மரியாதை இல்லை. ஆனால் நெடுந்தூர வண்டிகளுக்கு நீள நடைமேடைகள் வேண்டும், வண்டி நிறுத்தக் கூடுதல் பாதைகள் வேண்டும், ஆட்டோவும் காரும் திரும்ப இடம் வேண்டும். யாருக்கும் தேவைப்படாத வரை பத்திரமாக இருந்த கட்டடம், தேவைப்படத் தொடங்கும் நாளில் ‘குறுக்கே நிற்கிறது’ என்று பேச்சு வரும். போரி பந்தருக்கு வந்ததும் அதே பேச்சுதான்.

புது நடைமேடைகளைப் பழைய சரக்கு யார்டு பக்கம் போட்டுக்கொள்ளட்டும். தூண் வரிசைக்கு முன்னால் கண்ணாடிக் கூண்டும் விளம்பரத் தட்டியும் வைக்காமல் இருந்தால் போதும். அதை அருங்காட்சியகமாக ஆக்கலாம் என்று சிலர் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. ரயில் அருங்காட்சியகம் ஐ.சி.எஃப். பக்கம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, என்ஜின்களோடு அது நன்றாகவே இருக்கிறது. இந்தக் கூடத்தில் கவுன்டர் போட்டு, மதுரைக்கும் கோயம்புத்தூருக்கும் வாலாஜா ரோட்டுக்கும் டிக்கெட் கொடுக்கட்டும்.